பெஞ்சுக்குக் கை இல்லை. வாசலுக்கு வழி இல்லை! பூங்காக்களில் முதியோர் படும் பாடு

சாயங்காலம் மணி 5. வெயில் தாழ்ந்துவிட்டது. சென்னை நகரில் நெரிசலான ஒரு வட்டாரம். அங்கே ஒரு சின்னப் பூங்கா.

பூங்காவுக்கு எதிரே டீக்கடை. கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். வயது 71. பக்கத்தில் அலுமினிய 'வாக்கர்' நிற்கிறது.

பூங்காவுக்குள் ஒரு பெரியவர் நடக்கிறார். வயது 76. ஒரு சுற்று முடிந்ததும் வேலி ஓரம் வந்து நிற்கிறார். தெருவைத் தாண்டிப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். இந்தப் பக்கம் அம்மாளும் கையை ஆட்டுகிறார். பெரியவர் அடுத்த சுற்றுக்குக் கிளம்புகிறார்.

இருவரும் கணவன்-மனைவி. கல்யாணமாகி 50 வருஷம் ஓடிவிட்டது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஏன்? சண்டையா?

சண்டை இல்லை. வாசல்தான் காரணம்!

சுழல் கதவு

அந்தப் பூங்காவுக்கு இரண்டு வாசல். ஒன்று பெரிய இரும்பு கேட். அது எப்போதும் பூட்டியே கிடக்கும். குப்பை வண்டி வரும்போது மட்டும் திறப்பார்கள். இன்னொன்று பொதுமக்கள் போய்வரும் சின்ன வாசல். அங்கே இரும்புக் குழாயில் செய்த சுழல் கதவு. மாடு நுழையக் கூடாது, மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாது என்று வைத்தது.

மாடு நுழையவில்லை. மோட்டார் சைக்கிளும் நுழையவில்லை. அந்த அம்மாளின் வாக்கரும் நுழையவில்லை!

பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "பேரெல்லாம் போட வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பேசினார். அவர் கூறியதாவது:-

"அச்சாபீசுல கம்பாசிட்டரா இருந்தேன். 34 வருஷம் நின்னுக்கிட்டே வேலை. இப்ப சர்க்கரை இருக்கு. நடந்தாத்தான் கட்டுப்படும். நான் என்னைப் பத்திக் கவலைப்படலை சார். இவதான் போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. ஆபரேஷன் ஆச்சு. 'தினம் நடக்கணும்மா, இல்லேன்னா படுக்கைதான்'னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். எங்கே நடக்கிறது? வீடு பத்துக்குப் பத்து ரூம். தெருவுல இறங்கினா ரெண்டு பக்கமும் பைக்கு. நடுவுல ஆட்டோ. இந்தப் பார்க்கை விட்டா வேற போக்கிடம் ஏது?"

ஒரு நாள் முயற்சி செய்து பார்த்தார்களாம். வாக்கரை மடக்கி வேலிக்கு மேலே கொடுத்துவிட்டு, கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மாள் சுழல் கதவில் நுழைந்திருக்கிறார். பின்னால் வந்த பையன் அவசரத்தில் கதவைத் தள்ளியதில், குழாய் ஆபரேஷன் செய்த இடத்திலேயே இடித்துவிட்டது. அன்றோடு சரி.

அம்மாள் குறுக்கிட்டார்:- "ஏங்க, வர்றவங்ககிட்ட எல்லாம் இதையே சொல்லணுமா? அவராவது நடக்கட்டும் தம்பி. நான் இங்கே இருந்து பார்த்துக்கிட்டிருப்பேன். டீக்கடைத் தம்பி தங்கமான பிள்ளை. ஸ்டூல் போட்டுக் கொடுத்துடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பத்தில் ஒருவர்

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம்.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அது 8.6. மற்ற பல மாநிலங்களைவிட நம் மாநிலத்துக்கு முன்னதாகவே தலை நரைத்துவிட்டது!

60 வயது நிரம்பினால் 'மூத்த குடிமக்கள்' என்று 2007-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று கட்டளை போட்ட சட்டமும் அதுதான். பிள்ளை சோறு போடலாம். மருந்து வாங்கித் தரலாம். ஆனால் நடக்க இடம்? உட்கார்ந்து பேச நாலு பேர்? அதைப் பிள்ளையால் வாங்கித் தர முடியுமா? அது ஊர் கொடுக்க வேண்டிய சொத்து.

காசில்லா மருந்து

'பார்க்குக்குப் போவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு' என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஒரு கணக்குச் சொன்னது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும். அதோடு, தடுமாறி விழாமல் இருக்க வாரத்தில் மூன்று நாளாவது உடம்பை நிலைநிறுத்தும் பயிற்சியும் வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை? கீழே விழுவதால் மட்டும் உலகத்தில் வருஷத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறந்துபோகிறார்கள் என்கிறது அதே நிறுவனம். அதில் பெரும்பகுதி 60 வயதைத் தாண்டியவர்கள். இடுப்பு எலும்பு முறிந்தவர் எழுந்து நடக்காவிட்டால் கால் சதை கரையும். சதை கரைந்தால் பலம் போகும். பலம் போனால் மறுபடியும் விழுவார். இந்தச் சுழலை அறுப்பது நடைதான்.

மனசுக்கும் அது தேவை. பகல் முழுவதும் டி.வி.யோடு உட்கார்ந்திருப்பவருக்கு, சாயங்காலம் "என்ன சார், நேத்து ஆளைக் காணோமே?" என்று ஒருவர் கேட்டால் போதும். அந்த ஒரு கேள்விக்காகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற பெரியவர்கள் எத்தனையோ பேர்!

116 ஏக்கர் என்ன ஆச்சு?

சென்னை நகரம் பூங்காவுக்குப் புதியதல்ல. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரவெல்யன் காலத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்' உருவானது. பரப்பளவு 116 ஏக்கர். பெயரே மக்கள் பூங்கா! சென்டிரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தப் பூங்காவில் மிருகக்காட்சி சாலையும் இருந்தது. மிருகங்கள் 1985-ல் வண்டலூரில் புது வீடு கண்டன. பூங்கா நிலத்தில் கட்டிடங்கள் எழுந்தன. இன்று மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகையே அந்தப் பூங்கா நிலத்தில் நிற்பதுதான்.

மிச்சம் இருப்பவற்றின் பெயர்களைப் பாருங்கள். தியாகராய நகரில் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, ஜீவா பூங்கா. சிந்தாதிரிப்பேட்டையில் மே தினப் பூங்கா. ஒரு காலத்தில் அது நேப்பியர் பூங்கா. மயிலாப்பூர் லஸ்சில் நாகேஸ்வரராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் தைலத்தை நமக்குக் கொடுத்தவர் பெயர் அது. வலிக்கிற உடம்போடு நடக்க வருகிறவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்! அண்ணா நகர் டவர் பூங்காவின் கோபுரம் 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சிக்காக எழுந்தது. கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா 2010-ல் வந்தது.

இன்னொரு பழைய சமாச்சாரம். 1930-ல் சென்னை மாநகராட்சி தானே வானொலி நடத்தியது. வீட்டில் ரேடியோ இல்லாத ஜனங்களுக்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டார்கள். பூங்கா என்றால் புல்லும் வேலியும் மட்டுமல்ல, மக்களுக்குச் செய்யும் சேவை என்று அன்றைக்கே புரிந்திருந்தது.

உட்கார்ந்தால் எழ முடியவில்லை

முதியோருக்கு ஏற்ற பூங்கா என்றால் தங்கத்தால் இழைக்க வேண்டியதில்லை. சின்னச் சின்னச் சங்கதிகள்தான்.

முதலில் பெஞ்சு. பல இடங்களில் சிமெண்டுத் திண்ணையைக் கட்டிவிட்டுப் பெஞ்சு என்கிறார்கள். முதுகுக்குச் சாய்வு கிடையாது. கைக்குப் பிடி கிடையாது. முழங்கால் வலிக்காரர் தாழ்வான திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், பின்னால் சாய்வு, இரண்டு பக்கமும் கை. இது இருந்தால் அவர் தானே ஊன்றி எழுந்துவிடுவார். ஒரு பெஞ்சுக்கும் அடுத்த பெஞ்சுக்கும் தூரம் அதிகம் இருக்கக் கூடாது. 'அங்கே போனால் உட்காரலாம்' என்ற தைரியம் இருந்தால்தான் கால் நடக்கும். நிழலில் போட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சொல்ல வெட்கப்படும் கஷ்டம்

அடுத்தது கழிப்பறை. இதைப் பற்றிப் பெரியவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், இவர்களுக்கெல்லாம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். பூங்காவில் கழிப்பறை பூட்டியிருந்தால் என்ன செய்வார்கள்? ஆண்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தை மணி பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். பெண்கள் பூங்காவுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். வெளியே கிளம்பும் முன் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்கள் உண்டு. சென்னை வெயிலுக்கு அது எவ்வளவு ஆபத்து!

கழிப்பறை கட்டினால் போதாது. திறந்திருக்க வேண்டும். தரை வழுக்கக் கூடாது. வெஸ்டர்ன் கழிப்பறை ஒன்றாவது வேண்டும். பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும்.

அரை அடிக்கு ஆறடி

மூன்றாவது, பாதை. பளபளவென்று டைல்ஸ் போட்டால் பார்க்க அழகு. மழை பெய்தால் வழுக்குப் பாறை! சொரசொரப்பான தரைதான் நல்லது. மரத்து வேர் தூக்கிய கல்லை அவ்வப்போது சரி செய்ய வேண்டும். மங்கலான கண்ணுக்குப் படியின் விளிம்பு தெரிய மஞ்சள் பெயிண்ட் அடித்தால் போதும்.

வாசலில் படி இருந்தால் பக்கத்தில் சரிவுப் பாதை வேண்டும். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அதாவது அரை அடிப் படிக்கு ஆறடிச் சரிவு. சிமெண்டை மேடாகக் கொட்டிவிட்டு 'சரிவு' என்றால் அதில் சக்கர நாற்காலி ஏறாது. வாசல் அகலம் மூன்று அடியாவது இருக்க வேண்டும். மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் தடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். தடுக்கட்டும். காவலாளி கண் எதிரே பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்து, வேண்டியவர்களுக்குத் திறந்துவிட்டால் என்ன?

உடற்பயிற்சிக் கருவிகள் பல பூங்காக்களில் வந்திருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் பெரும்பாலும் இளவட்டங்களுக்கு ஏற்றவை. பெரியவர்களுக்கு வேண்டியது வேறு. பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க ஒரு கம்பி, ஏறி இறங்கிப் பழக மூன்று படி, உட்கார்ந்தபடியே காலை அசைக்க ஒரு நாற்காலி. வாரம் ஒரு நாள் பயிற்சி சொல்லித்தர ஒருவர் வந்தால் இன்னும் விசேஷம்.

ஐந்து பேரில் தொடங்கியது

கூடிச் சிரித்தாலே போதும் என்று ஒரு டாக்டர் நினைத்தார். 1995-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி மும்பையில் ஒரு பூங்காவில், ஐந்து பேரோடு சிரிப்புச் சங்கத்தைத் தொடங்கினார் மதன் கட்டாரியா. அது பிறகு உலகமெல்லாம் பரவியது. நம் ஊர்ப் பூங்காக்களிலும் காலையில் 'ஹா ஹா' என்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், அதுதான்!

அதற்கு ஆன செலவு என்ன? ஒரு பைசா கிடையாது. வேண்டியது, கூட ஒரு இடம். பஜனை பாட விரும்புகிறவர்கள், கேரம் ஆட விரும்புகிறவர்கள், பேப்பர் படித்து அரசியல் பேச விரும்புகிறவர்கள், எல்லோருக்கும் ஒரு கொட்டகையும் நாலு மேஜையும் போதும்.

நேரமும் முக்கியம். பூங்காவைக் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு அது சரி. பகலில் தகரக் கூரை வீட்டில் வேகிற கிழவருக்கு மர நிழல் மத்தியானம்தானே வேண்டும்?

ஏழு விநாடி

பூங்கா எவ்வளவு நன்றாக இருந்தாலும் போய்ச் சேர வேண்டாமா? நடுவில் ரோடு இருக்கிறதே!

சிக்னலில் பாதசாரிக்கு நேரம் ஒதுக்கும்போது, ஆள் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கணக்குப் போடுவது வழக்கம். 18 மீட்டர் அகல ரோட்டைக் கடக்க 15 விநாடி. கைத்தடி ஊன்றியவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அவருக்கு 22 விநாடிக்கு மேல் ஆகும். ஏழு விநாடி குறைகிறது. அந்த ஏழு விநாடியில்தான் பஸ்சும் லாரியும் ஹாரன் அடிக்கின்றன.

சிங்கப்பூரில் 2009-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதியவர் தன் அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால், ரோட்டின் அகலத்துக்குத் தக்கபடி பச்சை விளக்கு கூடுதல் விநாடி எரியும். அவசரப்பட வேண்டாம், நிதானமாகப் போங்கள் என்று விளக்கே சொல்லுகிறது!

நம் ஊரிலும் நல்லது நடக்காமல் இல்லை. 60 வயதான சென்னைவாசிகளுக்கு மாநகர பஸ்சில் இலவசமாகப் போக மாதம் 10 டோக்கன் கொடுக்கும் திட்டம் 2016-ல் வந்தது. மகள் வீட்டுக்குப் போவதோடு, மாதம் ஒரு முறை பெரிய பூங்காவுக்கோ கடற்கரைக்கோ போய்வரவும் அது உதவும்.

அலையைத் தொட்டவர்கள்

மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் சக்கர நாற்காலி புதைந்துவிடும். ஆகவே, கால் முடியாதவர்கள் ரோட்டோரம் நின்று கடலைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 2022 நவம்பரில் மணலுக்கு மேலே மரப்பலகைப் பாதை போட்டுத் திறந்தார்கள். நீளம் 263 மீட்டர். செலவு ரூ.1 கோடியே 14 லட்சம். மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட பாதையில் முதியவர்களும் போனார்கள். கடல் பக்கத்திலேயே இருந்தும் பல வருஷமாக அலையைத் தொடாதவர்கள் தொட்டார்கள்.

அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அடித்துப் பாதையைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. மனம் வைத்தால் மணலிலும் பாதை போடலாம். போட்டால் மட்டும் போதாது, பராமரிக்க வேண்டும்.

யாரிடம் சொல்வது?

"நாம சொன்னா யார் சார் கேட்கிறாங்க?" என்பதுதான் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. கேட்பார்கள். ஆனால் சொல்ல வேண்டும். அதுவும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

சென்னை மாநகராட்சிக்குப் புகார் செய்ய 1913 என்ற எண் இருக்கிறது. 'பூங்கா சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் பலன் இல்லை. 'இன்ன தெருப் பூங்காவில், கிழக்கு வாசலில், வாக்கர் நுழைய வழி இல்லை' என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நகரில் 200 வார்டு, 200 கவுன்சிலர். உங்கள் கவுன்சிலர் யார் என்று தெரிந்துகொண்டு, நாலு பேராகப் போய் எழுத்து மூலம் கொடுங்கள். முதியோருக்கு வேறு தொல்லைகள், ஆதரவின்மை, சட்ட ஆலோசனை என்றால் 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

கடைக்காரர்களும் ஆபீஸ் போகிறவர்களும் செய்யக்கூடியது உண்டு. பூங்கா வாசலில் பைக்கை நிறுத்தாதீர்கள். அந்த ஓரத்தில்தான் ஒரு வாக்கர் வர வேண்டியிருக்கிறது.

ஒரு சாவி

ஆரம்பத்தில் சொன்ன தம்பதிக்கு என்ன ஆயிற்று? அதையும் சொல்லிவிடுவோம்.

நாம் பேசிக்கொண்டிருந்ததை டீ மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். டீ குடிக்க வந்த பூங்கா வாட்ச்மேனை மடக்கிப் பிடித்தார்.

"அண்ணே, பெரிய கேட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு? சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த அம்மாவுக்கு ஒரு தடவை திறந்துவிட்டா என்ன? திரும்பிப் போறப்ப இன்னொரு தடவை. உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "மேலே கேட்கணுமே" என்றார். பிறகு, "இத்தனை நாளா யாருமே என்கிட்ட சொல்லலையே!" என்றார்.

மறுநாள் அவர் மேலே கேட்டாராம். "திறந்துவிடு, மறக்காம பூட்டிடு" என்று உத்தரவு வந்ததாம். காகிதம் இல்லை, டெண்டர் இல்லை, செலவு இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனோம். டீக்கடை வாசலில் ஸ்டூல் காலியாக இருந்தது. வேலிக்கு உள்ளே வாக்கரை மெதுவாக நகர்த்திக்கொண்டு அந்த அம்மாள் நடந்தார். பக்கத்தில் கணவர். முழுச் சுற்று இல்லை, கால் சுற்றுதான். பிறகு இருவரும் வேப்ப மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

நம்மைப் பார்த்ததும் அம்மாள் சிரித்தார்:- "வாங்க தம்பி! உள்ளே வந்துட்டோம். ஆனா ஒரு கை கொடுங்க. உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை."

பெரியவர் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

வாசலுக்கு வழி கிடைத்துவிட்டது. இனி பெஞ்சுக்குக் கை கிடைக்க வேண்டும்.